பவரை மட்டும் பார்க்காதீர்கள், கண்ணின் நீளத்தைக் கேளுங்கள்

குழந்தைக்குக் கண்ணாடி போட்டாயிற்று. வருடா வருடம் பவர் ஏறுகிறது. கேட்டால், "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் ஏறும், பதினெட்டு வயசுல தானா நின்னுடும்" என்கிறார்கள். இந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். மொரீஷியசில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் மகளுக்கு எட்டு வயதில் கிட்டப்பார்வை தொடங்கியது. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. இதற்கிடையில் மருத்துவர்களிடம் கேட்டது, படித்தது, வாங்கியது, வேண்டாம் என்று ஒதுக்கியது எல்லாவற்றையும் சொல்கிறேன். எந்தச் சிகிச்சை என்பதை உங்கள் பிள்ளையின் கண்ணைச் சோதித்த மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது பெரிய உதவி.

எங்கள் குடும்பத்துக்குக் கிட்டப்பார்வை புதிதில்லை. என் மனைவிக்கு மைனஸ் எட்டு. அவள் தம்பிக்கும் ஏறக்குறைய அதே பவர்தான். அவன் இருபத்தைந்து வயதில் சென்னைக்குப் போய் லேசர் சிகிச்சை செய்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தான். விமான நிலையத்திலேயே எல்லோருக்கும் பெயர்ப்பலகைகளைப் படித்துக் காட்டினான். வீட்டில் அவ்வளவு சந்தோஷம். முப்பத்தெட்டு வயதில் ஒருநாள், கண் ஓரத்தில் மின்னல் மின்னுகிறது, கறுப்புப் பூச்சிகள் பறக்கின்றன என்றான். இரண்டு நாளில் ஒரு கண்ணில் பக்கவாட்டிலிருந்து திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்தது. விழித்திரை விலகல், அதாவது கண்ணின் பின்பக்கம் ஒளியை வாங்கும் படலம் இடம்விட்டுப் பிரிவது. மோக்காவில் பாரதியாரின் பெயரிலேயே அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனை. முதலில் அங்கேதான் கூட்டிப்போனோம். ஆபரேஷன் நடந்து பார்வையில் பெரும்பகுதி திரும்பியது. அந்த நாட்களில் அவன் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "லேசர் போட்டு பவர் சைபர் ஆயிடுச்சே, அப்புறம் எப்படி மாமா?"

மருத்துவர் அதற்குச் சொன்ன பதில்தான் மகள் விஷயத்தில் எங்களுக்கு வழிகாட்டியது. லேசர் கண்ணின் முன்பக்கம் இருக்கும் கருவிழியைச் சீவி வடிவத்தை மாற்றுகிறது. அதனால் பவர் போய்விடும். ஆனால் கிட்டப்பார்வைக்காரரின் கண் முன்னும் பின்னுமாக நீண்டுபோன கண். அந்த நீளம் லேசருக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கும். பிறக்கும்போது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இருக்கும் கண், பெரியவர்களுக்கு 23, 24 மில்லிமீட்டரில் நிற்கவேண்டும். அதைத் தாண்டிக் கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) அளவுக்குப் பவர் ஏறும். ஃபராத்தாவுக்கு எடுத்த அதே உருண்டை மாவைப் பெரிதாகத் தேய்க்கத் தேய்க்க நடுவில் மெலிந்து கிழியப் பார்க்குமே, கண் நீள நீள உள்ளே இருக்கும் விழித்திரைக்கும் அதுதான் நடக்கிறது. நீளம் 26 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் விழித்திரை விலகல், மையப்பகுதி தேய்வு, கண் அழுத்த நோய் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. நீண்ட கண்ணைச் சுருக்க இன்று வரை நம்பகமான வழி இல்லை. நீளும் வேகத்தைக் குறைக்கத்தான் வழிகள் வந்திருக்கின்றன. அதுவும் பிள்ளை வளரும் வயதில் மட்டும்.

"ஒரு பவர், ரெண்டு பவர் கூடினா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மார்க் புல்லிமோர், நோயல் பிரென்னன் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் ஒரு கணக்கைச் சொன்னார்கள்: ஏறவேண்டிய பவரில் ஒரே ஒரு டயாப்டரைத் தடுத்தாலும், கிட்டப்பார்வையால் வரும் விழித்திரை மையத் தேய்வுக்கான ஆபத்து 40 சதவீதம் குறைகிறது. மைனஸ் ஆறில் நிற்கவேண்டிய பிள்ளையை நாலில் நிறுத்த முடிந்தால், அது ஐம்பது அறுபது வயதில் அவர்கள் பார்வையைக் காப்பாற்றுகிற காரியம். நமக்குப் பக்கத்திலேயே, தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த கண்ணியல் பேராசிரியர் கோவின் நாயுடு, ஆஸ்திரேலியாவின் பிரையன் ஹோல்டனோடும் மற்றவர்களோடும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை, 2050இல் உலக மக்கள்தொகையில் பாதிப்பேர் கிட்டப்பார்வையோடு இருப்பார்கள் என்று கணித்தது. என் வகுப்பைப் பார்க்கும்போது அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளையைத் தேடவேண்டும்.

மகளுக்கு முதல் கண்ணாடி மைனஸ் 1.25. அடுத்த வருடம் 2.25. ஒரே வருடத்தில் முழுதாக ஒரு டயாப்டர். அப்பா அம்மா இருவரில் ஒருவருக்கு இவ்வளவு பவர் இருந்து, பிள்ளைக்கு எட்டு வயதிலேயே தொடங்கி, இந்த வேகத்தில் ஏறினால் சும்மா இருக்கக்கூடாது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ அவ்வளவு வேகமாக ஏறும், அவ்வளவு நீண்ட காலத்துக்கு ஏறும்.

வீட்டில் என் அம்மாவுக்கு வேறு யோசனை. "தம்பி, பவரைக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு, கண்ணு தானே பழகி வேலை செய்யும்." இந்த நம்பிக்கை எங்கும் இருக்கிறது. சில கண்ணாடிக் கடைகளில்கூட அப்படிக் குறைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மலேசியாவில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சோதித்தது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் கூடுதலாக ஏறியது. ஆகவே முழுப் பவருக்குத்தான் போடவேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் முருங்கைக்கீரையாவது ஒழுங்காகச் சாப்பிடட்டும் என்றார். சாப்பிடுகிறாள். வைட்டமின் ஏ-க்கு நல்லது, உடம்புக்கு நல்லது. கண் நீளுவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

முதல் சோதனையில் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு அது போதாது. குழந்தையின் கண்ணில் குவியத்தை மாற்றும் தசை அவ்வளவு வலுவானது. சோதனை நேரத்தில் இறுகிக்கொண்டால் இல்லாத பவரைக் காட்டும். கண்பாவையை விரியவைக்கும் சொட்டு விட்டு, தசை தளர்ந்த பிறகு எடுக்கும் கணக்குதான் சரியான கணக்கு. சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும். அதனால் வெள்ளிக்கிழமை மாலையோ விடுமுறையிலோ போவது நல்லது. அப்புறம் நீளம். இதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. முகவாயை வைத்து ஒரு விளக்கைப் பார்த்தால் போதும், கண்ணைத் தொடாமல் ஒளியாலேயே அளந்துவிடும். வலி இல்லை. சில நிமிட வேலை. எல்லா இடத்திலும் இந்தக் கருவி இருக்காது. கண்புரை ஆபரேஷன் செய்யும் இடங்களில் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் உள்ளே வைக்கும் லென்சுக்கு அந்த அளவு வேண்டும். "பிள்ளைக்கு நீளம் அளந்து தருவீர்களா" என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள். என் மகளுக்கு ஒன்பது வயதில் வலது கண் 24.3, இடது கண் 24.2. அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 23ஐ ஒட்டி இருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கிட்டப்பார்வை இல்லாத பிள்ளைக்கும் அந்த வயதில் கண் கொஞ்சம் வளரும், வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில். 0.3ஐத் தாண்டினால் வேகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே கருவியில் அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே நம்பகமான சாட்சி அந்த நோட்டுதான். பவர் கால் புள்ளி முன்னே பின்னே காட்டலாம், நீளத்தில் அந்தத் தடுமாற்றம் குறைவு.

நாங்கள் முதலில் எடுத்தது கண்ணாடிதான், ஆனால் வேறு வகைக் கண்ணாடி. சாதாரண லென்ஸ் நடுப்பார்வையைத் தெளிவாக்குகிறது. ஓரங்களில் விழும் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய்விடலாம். அதைத் துரத்திக்கொண்டு கண் இன்னும் நீளுகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். கோழிக்குஞ்சுகளிலும் குரங்குகளிலும் செய்த சோதனைகளிலிருந்து வந்த விளக்கம் இது. புது வகை லென்சில் நடுவில் ஒரு வட்டம் தெளிவாக இருக்கும். அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நூற்றுக்கணக்கான குட்டி லென்சுகள் பதிந்திருக்கும். அவை ஓரத்து ஒளியின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னாலேயே குவியவைத்து, "போதும், வளராதே" என்ற செய்தியைக் கண்ணுக்குக் கொடுக்கின்றன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஹோயா நிறுவனமும் சேர்ந்து செய்தது மையோஸ்மார்ட். அதன் இரண்டு வருட ஆய்வில் பவர் ஏறுவது 52 சதவீதமும் நீளம் கூடுவது 62 சதவீதமும் குறைந்தது. எஸ்ஸிலோரின் ஸ்டெல்லஸ்ட் இன்னொன்று. அதில் தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் போட்ட பிள்ளைகளுக்குப் பவர் ஏறுவது 67 சதவீதம் குறைந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஸ்டெல்லஸ்ட்டுக்கு அனுமதி கொடுத்தது. கிட்டப்பார்வையின் வேகத்தைக் குறைக்கும் கண்ணாடிக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது.

அந்த 12 மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குளித்ததும் போட்டால் படுக்கும்வரை கழற்றக்கூடாது. நாங்கள் வாங்கிய லென்ஸ் வெளியிலிருந்து வரவழைத்தது, சாதாரண லென்சைப்போலப் பல மடங்கு விலை. அத்தனை பணம் கொடுத்து வாங்கிய லென்சின் பலன், மலிவான ஃபிரேம் மூக்கில் வழுக்கினால் வீணாகிவிடும். பிள்ளை லென்சின் நடு வழியாகப் பார்க்கவேண்டும். நம் ஊர் வெயிலில், வியர்வையில், கண்ணாடி சரிந்து மூக்கு நுனிக்கு வந்துவிடும். பிள்ளை அதற்கு மேலே எட்டிப் பார்க்கும், இல்லையென்றால் மேல் விளிம்பு வழியாகப் பார்க்கும். மூக்குத்தாங்கி நன்றாகப் பிடிக்கும் ஃபிரேம், காதுக்குப் பின்னால் வளையும் கம்பி, ஓடும்போது பின்பக்கப் பட்டை. இவற்றுக்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை கடைக்குப் போய் ஃபிரேமை முறுக்கித் திருத்திக்கொண்டு வருகிறோம், அதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை. முதல் சில நாள் ஓரமெல்லாம் மங்கலாக இருக்கிறது என்றாள். மாடிப்படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டோம். ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டது. சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தைத்தான் நிறுத்தவே முடியவில்லை. வகுப்புப் பைக்குள் ஒன்று, என் சட்டைப் பையில் ஒன்று என்று துணி வைத்திருக்கிறோம்.

வெளியில் விளையாடுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது இலவசம். எங்கள் தீவில் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் அதில் நிற்பதில்லை. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்சுக்குக் கீழே. வெளியில் மர நிழலில் நின்றாலே ஆயிரக்கணக்கில், வெயிலில் பத்தாயிரத்துக்கு மேலே. பிரகாசமான ஒளி பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் நீளுவதைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு கூடுதலாக வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றவற்றில் 39.5 சதவீதம். தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்கவேண்டும் என்று நாடு முழுக்க நடத்துகிறது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் வெளிவெளிச்சத்துக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. வந்த பிறகு ஏறும் வேகத்தைக் குறைப்பதில் அவ்வளவு வலுவில்லை. ஆகவே வெளியில் விடுவதை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் ஊரில் இதற்கு முதல் தடை லெசோன். பள்ளி விட்டதும் தனிப்பாட வகுப்பு, அங்கிருந்து வீடு, வீட்டில் வீட்டுப்பாடம். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் பிள்ளை வெயிலையே பார்ப்பதில்லை. நானும் ஆசிரியன்தான், என் சக ஆசிரியர்கள் பலருக்கு இந்த வருமானம் வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாளும் லெசோன் தேவை என்பதை நான் ஏற்கமாட்டேன். மகளுக்கு இரண்டு நாளாகக் குறைத்தோம். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் ஐந்து மணிவரை வெளியில்தான். கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோவில் பக்கம் நடை, இல்லையென்றால் வீட்டுக்கு முன்னால் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை ஃபிளிக்கன்ஃபிளாக் கடற்கரையில் சவுக்கு நிழலில் பாய் விரித்து நாள் முழுக்க. தொப்பி போட்டாலும், நிழலில் இருந்தாலும் பலன் உண்டு. நடுப்பகல் வெயிலில் நிறுத்தவேண்டாம். பள்ளியில் என் தமிழ் வகுப்பை முடிந்த நாளெல்லாம் மாமரத்தடிக்கு மாற்றிவிட்டேன். ஆத்திசூடி சொல்லவும் கதை கேட்கவும் கூரை தேவையில்லை. தலைமை ஆசிரியர் முதலில் தயங்கினார். காரணத்தைச் சொன்னதும் தன் பேத்தியின் கண்ணாடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கண்ணாடி போட்ட முதல் வருடம் நீளம் 0.18 மட்டும் கூடியது. எங்களுக்கு நிம்மதி. பரீட்சை வருடம் வந்தது. எவ்வளவு தடுத்தும் படிப்பு நேரம் கூடியது, சூறாவளி எச்சரிக்கைகளால் பள்ளி மூடிய நாட்களில் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்தாள். அந்த ஆறு மாத அளவு மட்டும் 0.19. ஒரு வருடத்துக்கு வரவேண்டியது அரை வருடத்திலேயே வந்துவிட்டது. பவரை மட்டும் பார்த்திருந்தால் "கொஞ்சம்தான் ஏறியிருக்கு" என்று விட்டிருப்போம். நீளத்தைப் பார்த்ததால் மருத்துவர் அன்றைக்கே அட்ரோபின் சொட்டைப் பற்றிப் பேசினார்.

அட்ரோபின் பழைய மருந்து. கண்பாவையை விரியவைக்க 1% வலுவில் காலங்காலமாக இருக்கிறது. அதே 1% கிட்டப்பார்வையின் வேகத்தை நன்றாகக் குறைக்கிறது என்று சிங்கப்பூர் ஆய்வு 2006இல் காட்டியது. ஆனால் அந்த வலுவில் பிள்ளைக்கு வெயிலில் கண் திறக்க முடியாது, புத்தகம் படிக்க முடியாது. நிறுத்தியதும் விட்டதைப் பிடிப்பதுபோல் கண் வேகமாக நீண்டது. பிறகு மருந்தைப் பல மடங்கு நீர்த்து 0.01%இல் கொடுத்துப் பார்த்தார்கள். 2012 வாக்கில் எல்லோரும் அதைத்தான் கொண்டாடினார்கள். பின்னால் வந்தவை அவ்வளவு உற்சாகம் தரவில்லை. ஹாங்காங்கில் 438 பிள்ளைகளிடம் 0.05%, 0.025%, 0.01% மூன்றையும் ஒப்பிட்டார்கள். முதல் வருடத்தில் பவர் ஏறுவதை 0.05% சொட்டு 67 சதவீதம் குறைத்தது, 0.01% சொட்டு 27 சதவீதம்தான். நீளத்தில் 0.01%இன் பலன் இன்னும் குறைவு. இந்தியாவில் 2021இல் வெளியான பல மைய ஆய்விலும் 0.01% பவர் ஏறுவதைப் பாதியாகக் குறைத்தது, ஆனால் நீளத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 2023இல் வந்த ஆய்வில் 0.01% சொட்டுக்கும் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஆகவே "அட்ரோபின் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஜப்பான் 2024 டிசம்பரில் 0.025% சொட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது.

எங்கள் மருத்துவர் 0.05% எழுதினார், கண்ணாடியையும் தொடரச் சொன்னார். மருந்தை அவரே வரவழைத்துத் தருகிறார். இரவு படுக்குமுன் கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளவேண்டும். மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி உடம்பில் சேராமல் இருக்க அது உதவும். முதல் வாரங்களில் காலையில் பள்ளி முற்றத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள், அதனால் வெயிலில் நிறம் மாறும் லென்சாக மாற்றினோம். கிட்டத்தில் எழுத்து மங்குகிறதா என்று ஒவ்வொரு சோதனையிலும் படிக்கவைத்துப் பார்க்கிறார்கள். அவளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. சில பிள்ளைகளுக்கு உண்டு, அப்போது வலுவைக் குறைப்பார்கள். கண் சிவந்து அரித்தால் ஒவ்வாமை, உடனே சொல்லவேண்டும். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுவோம், மாதம் முடிந்ததும் மீதி இருந்தாலும் கொட்டிவிடுவோம்.

இதில் இரண்டு விஷயத்தில் விளையாடவே கூடாது. கடையில் கிடைக்கும் 1% புட்டியை வாங்கி வீட்டில் தண்ணீரோ உப்புநீரோ கலந்து நீர்க்கச் சொல்லும் யோசனை என் காதுக்கும் வந்தது. கிருமி புகுந்தால் கண்ணே போகும், வலுவும் எவ்வளவு என்று தெரியாது. இன்னொன்று, அட்ரோபினை விழுங்கினால் விஷம். எங்கள் வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். மருந்து பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கும்.

கான்டாக்ட் லென்சையும் யோசித்தோம். பகலில் போட்டு இரவில் எறிந்துவிடும் மைசைட் லென்சுக்கு எஃப்டிஏ 2019இல் அனுமதி கொடுத்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் தொடங்கும் பிள்ளைகளுக்கு அது. மூன்று வருடத்தில் பவர் ஏறுவது 59 சதவீதம் குறைந்தது. இரவில் போட்டுத் தூங்கி, காலையில் கழற்றிவிடும் கெட்டி லென்ஸ் இன்னொரு வகை. பகல் முழுக்கக் கண்ணாடியே வேண்டாம் என்பதால் ஓடியாடும் பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. வேகத்தையும் நாற்பது சதவீதத்துக்குமேல் குறைக்கிறது. ஆனால் குழாய்த் தண்ணீர் பட்டால்கூட கருவிழியில் கிருமித்தொற்று வரும் ஆபத்து உண்டு. கடலில் விளையாடிவிட்டு மணலும் உப்புமாக வரும் பிள்ளை, சூறாவளிக் காலத்தில் தண்ணீர் நின்றுபோகும் வீடு. எங்களுக்கு அது ஒத்துவராது என்று தீர்மானித்தோம். சுத்தத்தில் கறாரான வீட்டில், பெற்றோர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் நல்ல தேர்வுதான்.

சிவப்பு விளக்கைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். தினம் இரண்டு முறை, மூன்று நிமிடம், ஒரு பெட்டிக்குள் சிவப்பு ஒளியைப் பார்க்கும் சிகிச்சை. 2022இல் சீனாவில் வந்த ஆய்வில் ஒரு வருடத்தில் கண் நீளுவது 69 சதவீதம் குறைந்தது. எண்ணைப் பார்த்தால் எல்லாவற்றையும்விட இதுதான் முன்னால் நிற்கிறது. ஒரு உறவினர் இணையத்தில் பெட்டியின் விலையைக்கூடக் கண்டுபிடித்து அனுப்பினார். ஆனால் 2023இல் அந்த ஒளியைப் பயன்படுத்திய பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரை பாதிக்கப்பட்டது மருத்துவ இதழில் வெளியானது. நிறுத்திய பிறகு பார்வை ஓரளவுதான் தேறியது. சீன அரசே அதன்பின் அந்தக் கருவிகளை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றியது. விழித்திரையைக் காப்பாற்றத்தானே இவ்வளவு பாடும்? மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அந்தப் பெட்டியை யாரும் வீட்டுக்கு வரவழைக்கவேண்டாம். கண் பயிற்சி, சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட கண்ணாடி விளம்பரங்களுக்கு நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

சொட்டு மருந்து சேர்ந்த பிறகு கடைசி ஒரு வருடத்தில் நீளம் 0.12 கூடியிருக்கிறது. இப்போது வலது கண் 24.9, பவர் மைனஸ் 3.50. அவள் அம்மாவுக்கு இதே வயதில் மைனஸ் ஆறு. பவர் நிற்கவில்லை, நிற்கும் என்று யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. எந்தச் சிகிச்சையும் பாதியளவு குறைத்தாலே வெற்றி என்றுதான் முதலிலேயே சொல்லித் தொடங்கினார்கள். உங்களிடமும் ஒருவர் "முழுசா நிறுத்திடலாம்" என்று சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள். மருந்தை நினைத்த நாளில் நிறுத்தவும் கூடாது. வலுவான சொட்டாக இருந்தால், சின்ன வயதில் சட்டென்று விட்டால் கண் மறுபடி வேகம் பிடிக்கும். பதினைந்து பதினாறு வயதில், ஒரு வருடம் நீளம் அசையாமல் இருந்தால், மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம் என்பது எங்கள் மருத்துவரின் திட்டம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் செய்வது என்று என் வகுப்புப் பெற்றோர் கேட்பதுண்டு. சொட்டு விட்டுச் செய்யும் சரியான சோதனை, நீளம் அளப்பது, முழுப் பவர் கண்ணாடி, வெளியில் இரண்டு மணி நேரம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. அதற்குமேல் மருத்துவரிடம் சொட்டா, லென்சா என்று கேட்டு, வருடக்கணக்கில் தொடர முடிகிற ஒன்றை எடுங்கள். ஆறு மாதம் போட்டு நிறுத்திவிடும் விலையுயர்ந்த சிகிச்சையைவிட அது மேல்.

மகனுக்கு ஆறு வயது. கண்ணாடி தேவையில்லை, எழுத்தெல்லாம் தெளிவாகப் படிக்கிறான். ஆனாலும் சொட்டு விட்டுச் சோதித்தோம். அந்த வயதில் கண்ணில் கொஞ்சம் பிளஸ் பவர் மிச்சம் இருக்கவேண்டும், முக்கால் டயாப்டருக்குமேல் இருந்தால் நல்லது. இவனுக்குக் கால்தான் இருக்கிறது. கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு அதுவே அறிகுறி. ஹாங்காங்கில் கிட்டப்பார்வை இன்னும் வராத பிள்ளைகளுக்கு 0.05% சொட்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. இரண்டு வருடத்தில் 28.4 சதவீதப் பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வந்தது, வெறும் சொட்டு போட்டவர்களில் 53 சதவீதம். இவனுக்கும் தொடங்கலாமா என்று கேட்டேன். இப்போதைக்கு வெளியில் விடுங்கள், நீளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், வேகம் தெரிந்தால் அன்றைக்கே தொடங்கலாம் என்றார் மருத்துவர். நோட்டில் அவன் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வலது 22.7, இடது 22.7 என்று எழுதியிருக்கிறேன். அடுத்த அளவு ஏப்ரலில்.